சூசையாவின் இடது கட்டைவிரல்

எல்லை தாண்டிய குற்றங்களை விசாரிக்கும் அரசுத் துறைக்கு மிகக் கடினமான வேலை பிறரைப் பேசவைப்பது என்று நாட்டில் ஒரு நம்பிக்கை உலவுகிறது. பூமி தட்டையானது என்பதற்கு அடுத்தபடியாக, உடனே திருத்தப்பட வேண்டிய பிழை இது. பிறர் தாமாகவே பேசிவிடுகிறார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் நிறுத்துவதுதான் பாடு. அத்துறையின் உண்மையான கஷ்டம் தன் வாயை மூடிவைத்திருப்பது.

அதற்கென்று அங்கே ஒரு வழக்கம் உண்டு. துப்புக் கொடுப்பவர் பெயரை எந்தத் தாளிலும் எழுதமாட்டார்கள். இடது கட்டைவிரல் ரேகையை மட்டும் வாங்கி, உறையில் இட்டு, அரக்கு வைத்துப் பூட்டிவிடுவார்கள். "இவர்தானா?" என்று யார் வந்து கேட்டாலும் ஆமென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை. இந்த ரகசிய ஏற்பாடு கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சங்குமுனை என்ற மீனவக் குப்பத்தில், பாழடைந்த ஐஸ் கம்பெனிக்குள் பதினொரு மூட்டை கடல் அட்டை பதுக்கப்பட்டிருந்தது. பிடிக்கவும் விற்கவும் தடை செய்யப்பட்ட சரக்கு, எதிர்க்கரைக்குப் போகவிருந்தது. அத்துறையின் அதிகாரி வசுமதி நேராக அங்கே வந்து மூட்டைகளைக் கைப்பற்றினார். ஊர்த் தலைவர் மிக்கேலின் தங்கை மகன் கைதானான்.

அந்தக் கட்டடத்தின் பக்கத்தில் வலை காயப்போடுகிறவர்கள் மூவர்: சூசையா, ரொசாரி, வில்சன். மூட்டைகளைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் இவர்கள்தான். சோதனைக்கு முந்தின நாள் சூசையாவின் இடது கட்டைவிரலில் மை இருந்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். போதாதா?

சூசையா அன்று பத்திர ஆபீசுக்குப் போய், வீட்டில் தன் பங்கைத் தங்கைக்கு எழுதிக்கொடுத்துக் கைரேகை வைத்துவிட்டு வந்திருந்தார். பத்திரத்தைக் கொண்டுவந்து ஊர்க்கூட்டத்தில் விரித்தும் காட்டினார்.

மிக்கேல் அதை நிதானமாகப் படித்தார். "பத்திரம் சரிதான் மச்சான். ஆனா இந்த மைக்குக் கீழ வேற மை இருந்திருக்காதா?"

இதற்குப் பதில் சொல்லக்கூடிய கட்டைவிரல் உலகத்தில் இல்லை. அன்றிலிருந்து சூசையாவின் படகைத் தள்ள ஆள் வரவில்லை. அவர் ஒற்றை ஆளாக வலைவீசிப் பிடித்த மீனை ஏலம் கூறவும் ஆளில்லை.

சூசையா வசுமதியின் அலுவலகத்துக்குப் போனார். மறுநாளும் போனார். இருபது நாளில் பதினான்கு முறை போனார்.

"நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். வேற எதுவும் வேணாம்."

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"உண்மையைச் சொல்லக்கூடவா கவர்மெண்டுல அனுமதி கேக்கணும்?"

வசுமதியால் அதன் பிறகு உட்கார முடியவில்லை. கோப்பைத் திறந்தார், மூடினார். ஜன்னலுக்குப் போனார், திரும்பினார். துப்புக் கொடுத்தவர் ரொசாரி. இதே மாதிரிச் சரக்கோடு பிடிபட்ட ரொசாரியின் தம்பி எதிர்க்கரைச் சிறையில் கிடந்தான். தம்பி குடும்பத்துக்கும் சேர்த்து ரொசாரிதான் கடலுக்குப் போய்வந்தார். "உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்" என்று அவருக்கு வசுமதி வாக்குக் கொடுத்திருந்தார். சூசையா இல்லை என்று சொல்வதில் ரொசாரியின் பெயர் எங்கே வருகிறது? எங்கும் வரவில்லை என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, இருபத்தோராம் நாள் ஜீப்பில் ஏறினார்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார்: "சூசையா இல்லை."

அவர் உட்காருவதற்குள் வில்சன் பாய்ந்து வந்தான். "அப்ப எனக்கும் சொல்லுங்க மேடம்! நானும் இல்ல! ஐயோ, சொல்லுங்களேன், என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

மிக்கேல் சிரித்தார். "நியாயம்தானே? வந்தது வந்தீங்க, ரொசாரிக்கும் சேத்துச் சொல்லிட்டுப் போயிருங்க."

வசுமதிக்கு இப்போதுதான் கணக்குப் புரிந்தது. வில்சன் இல்லை என்றால் மிஞ்சுவது ரொசாரி. மூவருமே இல்லை என்றால் பொய். பேசாமல் இருந்தால் இருவர் படகும் கரையில் நிற்கும்.

வில்சன் கத்திக்கொண்டே இருந்தான். ரொசாரி கத்தவில்லை. சம்பந்தமில்லாதவன் எப்படிக் கத்துவான் என்பது இருபது நாள் கத்திய சூசையாவுக்குத் தெரியும். அவர் ரொசாரியை ஒரு முறை பார்த்தார். பிறகு எழுந்தார்.

"தலைவரே, போதும். மேடம் எனக்குக் குடுத்த வாக்குக்காகப் பொய் சொல்றாங்க. துப்புக் குடுத்தது நான்தான்."

"அப்படி வாடா வழிக்கு," என்றார் மிக்கேல்.

ரொசாரி வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்தது.

உண்மையைச் சொன்னவர் வசுமதி. பொய்யைச் சொன்னவர் சூசையா. ஒன்றுமே சொல்லாதவர் ரொசாரி. வாசகரே, இதில் யார் செய்தது சரி?

"வசுமதி" என்று பதில் சொல்பவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை: மூவரில் ஒருவரை விலக்குவது, மீதி இருவரையும் பாதி காட்டிக்கொடுப்பது. அந்த வாக்கு பெயரை மட்டுமல்ல, பெயருக்குப் போகும் வழியையும் காக்க வேண்டியது. "ரொசாரி" என்று சொல்பவர்கள் வாக்கு யாருடையது என்பதை மறந்தார்கள். ரகசியம் அவருக்காகக் காக்கப்பட்டது. அதை உடைக்க உரிமையுள்ள ஒரே ஆள் அவர். உரிமையுள்ளவர் சும்மா இருந்தார். "சூசையா" என்று சொல்பவர்கள் சரி, ஆனால் பெரும்பாலோர் தவறான காரணத்துக்காக. அவர் தியாகி என்பதால் அல்ல. அந்தப் பொய்க்குப் பிறகு துறை சொல்லும் "இல்லை"யை எவரும் நம்பமாட்டார்கள். எனவே அதைக் கேட்டு எவரும் வரவும் மாட்டார்கள். வசுமதி திறந்த வாயைச் சூசையா மூடிவைத்தார்.

திங்கட்கிழமை விடியலில், ஊர் பார்க்க, சூசையாவின் படகைத் தள்ள ரொசாரி வந்தார். செவ்வாய்க்கிழமை முதல் ரொசாரியின் மீனையும் யாரும் ஏலம் கூறவில்லை.