நீர்க்கரடி பார்க்க ஒரு வரிசை

எங்க காலேஜ் விலங்கியல் ஆய்வகத்துச் சாவி என் கையிலதான் இருக்கும். மத்தியானம் ஒரு மணி ஆனா பூட்டிட்டுச் சாப்பிடப் போயிருவேன். அன்னைக்குப் பூட்டப் போற நேரம் பார்த்து முப்பிடாதி வந்து நின்னா. ரெண்டாம் வருஷம் படிக்கிற புள்ள. வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது.

உள்ள ஜெபசீலி மேடம் இருந்தாங்க.

"மேடம், அந்த ஆராய்ச்சி உதவித்தொகைக்கு நான் விண்ணப்பம் போடல."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்?"

"ஆமா மேடம். மார்க் இருக்கு. ஆனா சொந்தமா ஒரு ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்கணுமாம். நாலு பேரை முன்ன நின்னு நடத்தியிருக்கணுமாம். எங்கிட்ட ரெண்டும் இல்ல."

அது கெடைச்சா படிப்புச் செலவு, ஆராய்ச்சிச் செலவு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. இல்லன்னா அவ அக்கா கூட திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போகணும். அம்மா ஆபரேஷனுக்கு வீட்ல இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு. பசியிலயும் எனக்கு மனசு கேக்கல.

"உன் நீர்க்கரடி என்னாச்சு?" மேடம் கேட்டாங்க.

பேருதான் கரடி. பாசிக்குள்ள இருக்கிற எட்டுக்கால் உயிர். வெறும் கண்ணுக்குத் தெரியாது. லைப்ரரி பின்சுவத்துப் பாசியைச் சுரண்டி, கண்ணாடித் தட்டுல வச்சு வளத்துக்கிட்டு இருந்தா.

"அம்மா கூட ஆஸ்பத்திரியில இருந்தேன். தண்ணி விட ஆளில்ல. எல்லாம் காஞ்சு செத்துப்போச்சு மேடம்."

சொல்லிக்கிட்டே தட்டைக் குப்பைத்தொட்டிக்குக் கொண்டுபோனா. மேடம் அதை வாங்கி, பாசி மேல தண்ணி ஊத்தி ஊறவிட்டாங்க. அதுல ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சாங்க.

"உக்காந்து பாரு."

"என்னத்த மேடம் பாக்க? சுருங்கிப்போன ரவை மாதிரி கெடக்கு."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உக்கார வச்சாங்க. பூட்டணுமேன்னு நான் சாவியை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். ரெண்டு பேரும் கண்டுக்கல.

ரொம்ப நேரம் கழிச்சு முப்பிடாதி மூச்சை இழுத்தா.

"மேடம்... உப்புது."

அப்புறம், "காலு! காலு வருது!"

அவ கன்னத்துல கண்ணீர் ஓடுது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. எம்மா! செத்ததுன்னு குப்பைக்குப் போக இருந்தது, தூங்கி எந்திரிச்ச புள்ள மாதிரி கையைக் காலை ஆட்டுது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. காஞ்சா அது சாகாது, சுருங்கித் தூங்கும், தண்ணி பட்டா எந்திரிச்சுரும்னு மேடம் சொன்னாங்க.

அவ வராண்டாவுக்கு ஓடினா. "ஏட்டி, எல்லாரும் ஓடி வாங்க! செத்தது நடக்குது!"

அந்தப் புள்ளைக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். வகுப்பு மொத்தமும் வந்துது. மூணாம் வருஷத்துப் பயலுகளும் வந்தாங்க. கேன்டீன் அக்கா கரண்டியோட வந்துட்டாங்க.

"அண்ணே, தள்ளாதீங்க. மேசையில கை வைக்காதீங்க. அக்கா, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க. ஒவ்வொருத்தரா!"

பக்கத்துல யாரோ எட்டிப் பார்த்தாங்க. முப்பிடாதி தலையைத் தூக்காமலே ஒரு அதட்டுப் போட்டா.

"வரிசையில வாங்கன்னு சொன்னேன்ல? பின்னால போங்க!"

எட்டிப் பார்த்தவங்க பேசாம கடைசிக்குப் போய் நின்னாங்க. அப்புறந்தான் முப்பிடாதி நிமிர்ந்து பார்த்தா.

"ஐயோ! மேடம், நீங்களா!"

அவ முகம் வெளுத்துப்போச்சு. பையில இருந்து விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு மெதுவாக் கேட்டா.

"மேடம்... நாலு பேரை முன்ன நின்னு நடத்துறதுன்னு கேட்டிருக்காங்களே, அதுக்கு என்ன எழுதட்டும்?"

"அதெல்லாம் அப்புறம். எனக்கு எப்ப முறை வரும், அதைச் சொல்லு."