பீடத்துப் பச்சை

ரொம்பக் காலத்துக்கு முன்பெல்லாம் இல்லை, போன மாசிக்கு முந்தின மாசியில் நடந்த கதை. ஒரு லோகோ ஷெட்டில் புத்தம் புது மின்சார எஞ்சின் இருந்தது. நாள் தவறாமல் இருபத்திரண்டு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடும். ஓடுவதென்றால் அதற்கு உயிர்.

அது ஓடும் ரயில்பாதைக்கு நூற்றைம்பது வயது நிறைந்ததாம். விழாவுக்காக இந்த எஞ்சினுக்குப் பழைய நிறம் பூச முடிவானது. பெயின்டர் சகாயம் ஷெட் வாசலுக்குப் போனார். அங்கே சிமெண்ட் பீடத்தில் ஒரு கிழட்டு நீராவி எஞ்சின் நின்றது. அதன் பச்சையைப் பார்த்து அப்படியே கலக்கிப் பூசினார். மஞ்சள் கோடுகூட இம்மி பிசகவில்லை.

புது எஞ்சினுக்குத் தலைகால் புரியவில்லை. வாசல் பக்கம் வந்ததும், "பெரியவரே, அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்கேனா?" என்றது.

கிழட்டு எஞ்சினுக்கு எரிச்சல். "என்னை மாதிரியா? ஓடுன காலத்துல நான் கறுப்பு தம்பி. கரியும் எண்ணெயும் அப்பின கறுப்பு. ஓட்டத்தை நிறுத்தி இங்க ஏத்தி வெச்சப்புறம்தான் இந்தப் பச்சையை அடிச்சாங்க."

புது எஞ்சின் சிரிக்கப் பார்த்தது. அதற்குள் ஷெட் அதிகாரியின் குரல் கேட்டது.

"பிரமாதம் சகாயம்! இதுல ஒரு கீறல் விழக் கூடாது. இனிமே இதை லைனுக்கு அனுப்ப வேணாம். விழாவுக்கும் போட்டோவுக்கும் மட்டும் வெச்சுக்குவோம்."

கிழட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் இன்னொரு பீடம் கட்ட இடமிருப்பது அப்போதுதான் புது எஞ்சினின் கண்ணில் பட்டது.

மறுநாள் காலை விழா. சாமந்தி மாலை, பேச்சு, போட்டோ எல்லாம் முடிகிற நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. புறப்பட நின்ற வண்டியின் எஞ்சின் படுத்துவிட்டது. ஷெட்டிலோ வேறு எஞ்சின் இல்லை.

"இதைக் கொடுங்க சார், நான் எடுத்துட்டுப் போறேன்," என்றார் ஓட்டுநர் பரிமளம்.

"ஐயோ, பெயின்ட்டு!" என்று பதறினார் அதிகாரி.

யாரும் தொடாமலேயே எஞ்சின் ஹாரனை அலறவிட்டது. "நான் போறேன்! என்னை விடுங்க!"

பரிமளம் சிரித்தார். "அதுவே கிளம்பிடுச்சு சார். அங்க ஆயிரம் பேர் மூட்டை முடிச்சோட நிக்கிறாங்க."

அதிகாரி வழிவிட்டு விலகி நின்றார்.

மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. வழியெல்லாம் மழை. உடம்பு முழுக்கச் சேறு, பிரேக் தூசி, முகத்தில் அப்பிய பூச்சிகள். சாமந்தி மாலையில் நார் மட்டும் மிச்சம். சகாயம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கிழட்டு எஞ்சின் அதை ஏற இறங்கப் பார்த்தது.

"இப்பத்தான் தம்பி, அச்சு அசல் என்னை மாதிரியே இருக்கே."