புற்றுக்கு வந்த தடை உத்தரவு

ஓடைக்கரைக் காட்டில் ஒரு பழைய கரையான் புற்று இருந்தது. அதில் முறுக்கன் என்ற கீரி வசித்தது. புற்றுக்குக் கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். எத்தனை மழை பெய்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. தாய்க்கீரி விட்டுப்போன ஒரே சொத்து அதுதான்.

தாய் இறந்த சில நாளில் தங்கை செவலி ஓடையைத் தாண்டி வந்தது.

"அண்ணே, மேற்கு வாசல் என் பங்கு. எங்க வளையில வருஷா வருஷம் தண்ணி ஏறுது. போன மழையில மூணு குட்டியையும் பறிகொடுத்தேன். இப்ப மறுபடி வயித்துல இருக்கு!"

"கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு ஏது பங்கு? புருஷன் வளைதான் உன் வளை!"

"அம்மா வயித்துல நான் மட்டும் வாடகைக்கா இருந்தேன்?"

முறுக்கன் வாலைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

செவலி நீதிமன்றம் போனது. நீதிபதி ஒரு கிழட்டு மிளாமான். இரு தரப்பையும் கேட்டுவிட்டுக் கொம்பை ஆட்டியது.

"இது பாகப்பிரிவினை வழக்கு. சாட்சி விசாரிக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை வாதி, பிரதிவாதி இருவருமே புற்றுக்குள் நுழையக் கூடாது!"

முறுக்கனுக்கு அதிலும் ஒரு சந்தோஷம். தன் மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் சரி என்று முட்புதருக்குக் குடிபோனது.

குடும்பம் தெரிந்த ஒரே சாட்சி ஆமைதான்.

"சாட்சி எங்கே?"

"வந்துக்கிட்டே இருக்காருங்க ஐயா!"

"அப்படியானால் வாய்தா!"

இப்படியே ஆடி போனது, ஆவணி போனது, புரட்டாசியும் போனது.

ஒரு நாள் முறுக்கன் அந்தப் பக்கம் போனபோது கிழக்கு வாசலில் ஒரு நாகப்பாம்பு தலையை நீட்டியது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்த கதை!

"யாரைக் கேட்டு உள்ள போனே?"

"யாரைக் கேக்கணும்? நான் வாதியுமில்ல, பிரதிவாதியுமில்ல. உத்தரவு உங்க ரெண்டு பேருக்குத்தான். உள்ள வந்து பாரு, கோர்ட் அவமதிப்பு!"

முறுக்கன் நீதிபதியிடம் ஓடியது.

"பாம்பு இந்த வழக்கில் கட்சிக்காரர் இல்லையே" என்றது மிளாமான். "தனி வழக்குப் போடு. இல்லையென்றால் அண்ணனும் தங்கையும் சேர்ந்து ராஜி மனு கொடுங்கள். அன்றைக்கே தடையை எடுக்கிறேன்."

ஐப்பசி மேகம் கறுத்துவிட்டது. முறுக்கன் ஓடையைத் தாண்டிப் போனது. அங்கே செவலி, வயிறு தரையில் உரச, வளை வாசலில் சேற்றை அள்ளி அணை போட்டுக்கொண்டிருந்தது. போடப் போட ஓடை அதைக் கரைத்துக்கொண்டு போனது. போன வருஷம் மூன்று குட்டிகள் செத்தபோது துக்கம் கேட்கக்கூடத் தான் வரவில்லை என்பது முறுக்கனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"செவலி, சேர்ந்து ராஜி மனு கொடுப்போம். மேற்கு வாசலை நீ வச்சுக்கோ."

"இரக்கமா, பங்கா? இரக்கம்னா வேண்டாண்ணே. நாளைக்கு உன் மனசு மாறும். பங்குன்னா மனுவுல எழுது!"

"பங்குதான்மா. எழுதறேன்."

மறுநாள் காலை இரண்டும் மனுவில் கால்ரேகை வைத்தன. தடை நீங்கியது. கிழக்கு வாசலில் முறுக்கன் நின்றது, மேற்கு வாசலில் செவலி நின்றது.

"தடை உத்தரவு இருக்கே!" என்று பாம்பு சீறியது.

"காலையிலயே எடுத்தாச்சு!"

பாம்பு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, ஒரு கீரி. இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, இன்னொரு கீரி. "வழி விடுங்க, போயிடறேன்!" என்று கெஞ்சி, தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியது.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் செவலிக்கு நான்கு குட்டிகள் பிறந்தன. ஓடை கரைபுரண்டு ஓடியது. நான்கும் பிழைத்தன.

உடன்பிறந்தவரின் பங்கை மறுத்து வழக்கை வளர்ப்பவர், வழக்கில் இல்லாத மூன்றாமவருக்கே வீட்டைத் திறந்து விடுகிறார்.