இடப்பக்கத்துச் சட்டம்

செங்கோட்டைக்கு மேற்கே ஒரு மர மில்லு. மூணு தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. இப்போது நடத்துகிறவள் செண்பகவடிவு. காற்றில் விழுந்த மரம் வரும், தோட்டத்துக்காரர்கள் வேண்டாமென்று வெட்டித் தந்த மரம் வரும். காட்டு மரம் மட்டும் அந்த வாசலைத் தாண்டாது.

அங்கே தொழில் படிக்க வந்து சேர்ந்தார் ஆவுடையப்பன். ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழித்தே தலை நரைத்த மனுஷன். கடையை மூடிவிட்டார்கள். படிக்க வந்தவருக்கு ஐம்பது தாண்டியிருந்தது. சொல்லிக் கொடுக்கிறவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"இதுல யாருவே மூப்பு?" என்று லோடு இறக்க வருகிறவர்கள் கேலி பண்ணுவார்கள்.

"ரம்பந்தான்" என்பாள் வடிவு.

கொஞ்ச காலம் போனது. மரத்தூள் கோழிப்பண்ணைக்குப் போவதைப் பார்த்தார். பட்டையோடு சீவின பலகை ஆட்டுக்கொட்டிலுக்குச் சுவராவதைப் பார்த்தார். கையளவுத் துண்டைக்கூட வடிவு அடுப்பில் போடவிட மாட்டாள்; கரண்டிக்குக் காம்பு செய்கிற ஆள் வந்து வாங்கிப் போவான்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"ஒரு பொடி வீணாக்காம அறுக்கப் படிச்சாச்சுக்கா. இன்னும் என்ன இருக்கு?"

"வேளை வரும்போது சொல்லுதேன், அண்ணாச்சி."

அடுத்த வாரம் மைதீன் பாத்து வந்தாள். அவள் வீட்டுப் பலா போன வருஷக் காற்றில் சாய்ந்து, மில்லில்தான் காய்ந்துகொண்டு கிடந்தது. அவள் புருஷன் வாதம் வந்து படுக்கையில் கிடக்கிறார். ரெண்டு வருஷமாயிற்று.

"கட்டில் ஒண்ணு வேணும், வடிவு. அவுகளுக்குத்தான். படுத்த இடத்துலருந்து சன்னல் வழியா அந்த மரத்தையே பாத்துட்டுக் கெடப்பாக. இப்ப சன்னல்ல ஒண்ணுமில்ல. அவுக எந்திரிச்சுப் போயி அதைப் பாக்க முடியாது. அது அவுககிட்ட வரட்டும்னு நெனச்சேன்."

மரம் பெரிசில்லை. கால் நாலு, நீளச் சட்டம் ரெண்டு, குட்டைச் சட்டம் ரெண்டு, மேலே பரப்பக் கொஞ்சம் பலகை. அதற்குமேல் தேறாது. வடிவு அளவைச் சொல்லிவிட்டு, மீட்டர் விஷயமாகக் கரண்ட் ஆபீசுக்குப் போய்விட்டாள். அறுத்தவர் ஆவுடையப்பன்.

காய்ந்த மரம் நுனியில் வெடித்திருக்கும். வெடிப்பைத் தள்ளிவிட்டுத்தான் அளக்க வேண்டும். அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் கை பழைய கை. துணியை அளக்கிற மாதிரி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு அளந்துவிட்டது. எல்லாம் அறுத்து முடித்தபிறகு பார்த்தால், ஒரு நீளச் சட்டத்தில் வெடிப்பு ஒரு முழம் உள்ளே ஓடியிருக்கிறது. அதை நறுக்கினால் சட்டம் குட்டை. வேறே எடுக்க அந்த மரத்தில் மிச்சமில்லை.

வடிவு வந்தாள். வெடிப்பை விரலால் தடவிக்கொண்டே போனாள். ஒன்றும் ஏசவில்லை.

"பாத்துவக் கூப்பிடுங்க."

"வேண்டாம்க்கா. நம்ம பலா ஒண்ணு காஞ்சு தயாரா கெடக்குல்லா? அதுல ஒரு சட்டம் எடுத்துருவோம். சம்பளத்துல பிடிச்சுக்கோங்க. ஜவுளிக்கடையில தப்பாக் கிழிச்சா அடுத்த பீஸத்தான் எடுப்போம். யாருக்குத் தெரியப் போவுது?"

"பாத்துவக் கூப்பிடுங்க, அண்ணாச்சி."

பாத்து வந்தாள்.

"தப்பா அறுத்துட்டோம், பாத்து. ஒரு பக்கச் சட்டம் உங்க மரத்துல வராது."

அறுத்து வைத்த துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள் பாத்து.

"நான் அவுககிட்டச் சொல்லிட்டனே."

ஆவுடையப்பன் ரம்பத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அந்த ஒரு பக்கத்துக்கு என் கட்டில்லருந்து சட்டம் தாரேன்" என்றாள் வடிவு. "அதுவும் பலாதான். எங்கம்மா என்னையப் பெத்த கட்டிலு."

"அப்ப நீ எதுல படுப்ப?"

"எங்க வீட்டுக்காரரு விடுத கொறட்டைக்குத் தரையில தள்ளிப் படுத்தாத்தான் ஒறக்கம் வரும்."

பாத்துவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அவுகளுக்கு வலது கை மட்டுந்தான் அசையும், வடிவு. அந்தப் பக்கம் எங்க மரத்த வச்சிரு."

"அப்படியே வச்சிருதேன்."

மில்லுக்குப் பின்னால்தான் வீடு. கட்டிலைப் பிரிக்க ஆவுடையப்பனும் கூடப் போனார். வடிவின் புருஷன் பரமசிவம் மெத்தையில் சாய்ந்திருந்தார். சுத்தியலைக் கண்டதும் எழுந்து மெத்தையைச் சுருட்டினார்.

"இன்னைக்குத் தப்பா அறுத்தது யாரு?"

"நான்தான்" என்றார் ஆவுடையப்பன்.

"வாங்க, வாங்க. நீங்களும் சங்கத்துல சேந்துட்டீய." பரமசிவம் அடுப்படி வாசலில் தொங்கிய பழைய சேலையைக் காட்டினார். "அங்க ஒரு கதவு இருந்துச்சு. அது இவ தப்பு. பெஞ்சு போனது இவ அப்பா தப்பு. பேருக்கு மர மில்லு. வீட்டுல குந்துததுக்கு ஒரு பலகை கெடையாது."

வடிவு சிரித்தாள். ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பழைய மரம், ஆணி இருந்த இடத்தில் பலாவின் மஞ்சள் நிறம் இன்னும் போகவில்லை.

சட்டத்தை முன்னால் அவளும் பின்னால் அவருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியில் மில்லுக்குச் சொந்தமான அந்தப் பலா மரம் கிடந்தது. நல்ல பருமன். அவர் நின்றார். அவர் நின்றதால் அவளும் நிற்க வேண்டியதாயிற்று.

"கேக்கேன்னு கோவிக்காதீய. இம்புட்டுப் பெரிய மரம் சும்மா கெடக்கு. இதுல ஒரு சட்டம் எடுத்தா கொறஞ்சா போயிரும்? பெத்தவ கட்டில ஏன்க்கா பிரிக்கணும்?"

வடிவு சட்டத்தை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"தப்பா அளந்தது இந்த மரம் இல்லியே, அண்ணாச்சி. நாமல்லா."