துறைநாயகர் செய்த மாமன் சீர்

அந்தக் காலத்திலே அலைமேடு என்கிற கடற்கரைச் சீமையை நிலவழுதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் சொன்னதை மாலையில் மறக்கிற ஆசாமி. அவனுக்கும் ஒருநாள் நல்ல புத்தி வந்து, "இனி என் துறைமுகத்தில் மனுஷரை மனுஷர் விற்கக் கூடாது" என்று தண்டோரா போட்டுவிட்டான்.

துறைமுகத்தைக் கவனித்துவந்த துறைநாயகர் வல்லபராயருக்கு வயிறு எரிந்தது. அடிமைகளை விற்றே கொழுத்த மனுஷர் அல்லவா? மறுநாளே ஒரு கப்பல் நிறைய ஆட்களை ஏற்றினார். கேட்டவர்களிடம், "எல்லாம் என் சொந்தக்காரர்கள், அக்கரைக் கல்யாணத்துக்குப் போகிறார்கள்" என்றார். காவலர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

ராயர் வீட்டில் நெல் குத்தும் அடிமை காத்தாயி. அவளுடைய ஒரே மகள் செவந்தியும் அந்தக் கப்பலில் இருந்தாள். பெற்ற வயிறு கேட்குமா? காற்று திரும்பினால் கப்பல் போய்விடுமே என்று தலைவிரி கோலமாக அரசவைக்கு ஓடிவந்து விழுந்தாள்.

"என்ன ராயரே இது?" என்றான் ராஜா.

"மகாராஜா, இவள் எனக்குக் கூடப் பிறவாத தங்கச்சி. இவள் மகளை நான் விற்பேனா?"

"சொந்தம்தானே! பிறகென்ன அழுகை?" என்று ராஜா எழுந்திருக்கப் பார்த்தான்.

இனி அழுது பிரயோசனமில்லை என்று காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணன் சொன்னா சரிதான் மகாராஜா. ஆனா தாய்மாமன் சீர் செய்யாம எந்தப் பொண்ணு ஊர் தாண்டும்? பக்கத்துல உக்கார வெச்சு, தன் இலையிலேருந்து ஊட்டிவிட்டு, காணி நிலமாவது குடுத்துத்தானே அனுப்பணும்?"

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "அட, முறையென்றால் முறைதான்! கப்பலை நிறுத்துங்கள். இலையைப் போடுங்கள்!"

செவந்தியைக் கூட்டிவந்தார்கள். பாவம், காலில் விலங்குத் தழும்பு. அவளைக் கண்டதும் ராயர் துள்ளிக் குதித்தார். "காசு கொடுத்து வாங்கிய கழுதையோடு நான் ஒரே இலையிலா?"

ராஜாவின் முகம் சிவந்தது.

"அப்படியானால் விற்கத்தான் ஏற்றினீரா? சொந்தமா, சரக்கா? இப்போதே சொல்லும். சரக்கென்றால் என் ஆணையை மீறிய தலை தங்காது."

"சொ... சொந்தம்தான் மகாராஜா."

"அப்போ உட்காரும். கப்பலில் இருக்கிற அத்தனை சொந்தத்துக்கும் சீர் செய்யும்."

ராயரின் வயல்களெல்லாம் அன்றைக்கே சீராகப் போயின. தன் இலையிலிருந்தே செவந்திக்குச் சோறூட்டினார். பல நாள் பட்டினி, பிள்ளை மென்றுகூடப் பார்க்காமல் விழுங்கியது.

"பார்த்தாயா காத்தாயி, என் ஆணையின் மகிமையை!" என்று ராஜா மீசையை முறுக்கினான்.

"மகிமைதான் மகாராஜா. விக்கக் கூடாதுன்னீங்க. வெச்சிருக்கக் கூடாதுன்னு சொல்லலையே? நான் இன்னும் அண்ணன் வீட்டு அடிமைதானே?"

மீசையிலிருந்து கை இறங்கியது. வெட்கப்பட்டுப்போன ராஜா மறுபடி தண்டோராக்காரனைக் கூப்பிட்டான்.

"இனி என் சீமையில் யாரும் யாருக்கும் அடிமையில்லை" என்று தெருவில் பறை முழங்கியதும், காத்தாயி மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அண்ணே, எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க" என்றாள்.