முள்கரண்டிக்குச் சொந்தக்காரி

"எதிரிக்குச் சோறு போட்டவள் இனி என்மேல் படக்கூடாது."

தட்டு இதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தச் சமையலறையை முள்கரண்டிப் படை பிடித்து, மூன்று மாதம் ஆண்டு, தோற்று ஓடி அன்றைக்கு இரண்டாம் நாள். மண்பானையில் விடுதலைச் சோறு வெந்து இறக்கியாகிவிட்டது. பரிமாறத்தான் விடவில்லை.

வழக்கை விசாரித்தவர் அண்டா மாமா. மூன்று மாதமும் பரணில் கவிழ்ந்து படுத்திருந்தவர் என்பதால் அவருடைய தேசபக்தியில் ஒரு நசுங்கல்கூடக் கிடையாது.

குற்றம் சாட்டப்பட்டவள் இரும்புக் கரண்டி. தினமும் இரண்டு வேளை எதிரிக்குப் பரிமாறியதை அவள் மறுக்கவில்லை.

"பேரிலேயே தெரியவில்லையா? அவன் முள்கரண்டி, இவள் கரண்டி. சொந்தம் விட்டுப்போகுமா?" என்றாள் சல்லடை.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன், அந்த முள்கரண்டிகளைத் தினமும் தேய்த்துக் குளிப்பாட்டிய தேங்காய்நார்.

தீர்ப்புக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வருவான், பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடலாம் என்றார் மாமா.

கரண்டி அழவில்லை. அதுவே பலருக்கு எரிச்சல்.

"நான் எடுத்துப் போடாவிட்டால் பட்டினி கிடந்திருப்பார்களா? வாயில் வைத்த முள்ளோடு நேரே பானைக்குள் இறங்கியிருப்பார்கள். எச்சில் பட்ட மண்பானையை நாம் என்ன செய்வோம் மாமா?"

"உடைத்துப் போடுவோம்," என்றார் அண்டா, சுருதி இறங்கி.

"முதல் நாளே ஒருத்தன் பாய்ந்தான். குறுக்கே விழுந்தேன். என் காம்பு வளைந்தது அன்றைக்குத்தான். அப்புறம் நானே பரிமாறுகிறேன் என்று முந்திக்கொண்டேன். பார்த்தது பானையக்கா ஒருத்திதான்."

எல்லோரும் பானையைப் பார்த்தார்கள்.

பானைக்கு நடந்தது நன்றாக நினைவிருந்தது. வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரிந்திருந்தது: அவன் எவ்வளவு கிட்டே வந்தான், பட்டானா, படவில்லையா? இந்த வீட்டில் மண்பானையை உடைக்கச் சந்தேகமே போதும். அவள் மூடியை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் குறுக்கே விழுந்தேன் என்று மட்டுமாவது சொல்லுங்களேன்."