பழகிய விரல்

விஷவாயு கசிந்தது, அலாரம் அடிக்கவில்லை. டேங்க் கழுவிக்கொண்டிருந்த சுடலையும் பிச்சையாவும் அங்கேயே செத்தார்கள்.

உற்பத்தி நிற்கக் கூடாதென்று அலாரம் அடிக்கும் அளவை யாரோ கம்ப்யூட்டரில் கூட்டி வைத்திருந்தார்கள். யார்? சீஃப் இன்ஜினியர் பத்மநாபன், ஷிஃப்டில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி மாரிக்கனியைக் கைகாட்டினார். "அளவை மாற்றுகிற அந்தப் பழைய எடிட்டர் புரோகிராமை நான் தொட்டதே இல்லை. அதில் வேலை தெரிந்தவள் இவள் ஒருத்திதான்."

அவர் மாற்றியதை மாரிக்கனி கண்ணால் பார்த்தவள். சொன்னால் எவன் நம்புவான்? விசாரணை அதிகாரியைக் கும்பிட்டாள்.

"ஒத்துக்கிடுதேன் ஐயா. சாரே இங்கிலீசுல அடிச்சுத் தரட்டும், கையெழுத்துப் போடுதேன்."

பத்மநாபனுக்கு வாயெல்லாம் பல். அதிகாரியின் லேப்டாப்பை இழுத்து விறுவிறுவென்று அடித்தார். 'இரண்டு சாவுக்கும் நானே முழுப் பொறுப்பு' என்று முடித்தார்.

"மேல, முதல் வரியில செத்தவங்க பேரையும் போட்டிருங்க சார்."

அவர் மவுஸைத் தொடவில்லை, அம்புக்குறியையும் தேடவில்லை. எஸ்கேப் விசையைத் தட்டிவிட்டு, இங்கிலீஷ் கே எழுத்தை அழுத்திப் பிடித்தார். கர்சர் மேலே போகவில்லை. 'முழுப் பொறுப்பு' என்பதற்குப் பின்னால் கே கே கே என்று எழுத்துதான் ஓடியது.

"என்ன இது?" என்றார் அதிகாரி.

"அந்தப் பழைய எடிட்டர்ல மவுஸ் கிடையாது, மேல வரிக்குப் போக எஸ்கேப்பைத் தட்டிட்டு இந்தக் கே-யைத்தான் அழுத்தணும் ஐயா. தொடாத கைக்கு இது வராது."

பத்மநாபன் அவசரமாக அழிக்கப் போனார். அதிகாரி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ கையெழுத்துப் போட வேண்டாம்மா. போடவேண்டியவர் போட்டுட்டார்."